தோட்டாவுக்குப் பொருத்தம் பார்த்தவர்

டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்கள் இரண்டு வகை. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறவர்கள் ஒரு வகை. மாமியார் மாமனார் ஊரிலிருந்து வந்தால் அதைக் கூரைக்கடியில் அட்டிக்கில் ஒளித்து வைப்பவர்கள் இன்னொரு வகை. ஞானசீலன் இந்த இரண்டிலும் சேராதவர். தம் துப்பாக்கியைப் பற்றி இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் பேசி, அதை ஒரு தடவைகூடச் சுடாமல் இருந்தவர்.

பாளையங்கோட்டைக்காரர். நாற்பத்தொன்பது வயது. பிளேனோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவின் தலைவர். பிறர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்து, 'இன்னும் வெளியிடத் தகுதியில்லை' என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறார். அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தே சில மென்பொருள்கள் வழக்கொழிந்து போயின என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பதின்மூன்று ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு அவருக்கு கிரீன் கார்டு வந்தது. இந்தச் சந்தோஷத்தில் சிலர் மின்சாரக் கார் வாங்குவார்கள். சிலர் நீச்சல் குளம் தோண்டுவார்கள். ஞானசீலன் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த பழைய துப்பாக்கிக் கண்காட்சிக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனார். திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில், ஒரு நீளமான தோல் பெட்டிக்குள், 1912இல் பர்மிங்ஹாமில் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி படுத்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தார்.

"இது என்னத்துக்குங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜெயலீலா. அவள் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரியே எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"புறா சுட" என்றார் ஞானசீலன்.

"நீங்க கரப்பான்பூச்சிய அடிக்கவே என்னயல்லா கூப்பிடுவீங்க."

ஞானசீலன் தோல் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார். வாதம் வேறு, தயாரிப்பு வேறு.

புறா சுடும் யோசனை அவருடையது அல்ல. ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே நாற்பது மைலில் டுவெய்ன் என்ற எழுபது வயது விவசாயி மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். தீவனக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான புறாக்கள் குடியிருந்து மாடுகளுக்கு முன்னால் சாப்பிட்டு, மாடுகளின் மேலேயே மற்ற காரியங்களையும் முடித்துக்கொண்டன. ஆண்டுக்கு ஒரு நாள், அக்டோபர் கடைசி சனிக்கிழமை, பழைய துப்பாக்கிப் பிரியர்களை அவர் கூப்பிடுவார். அவர்கள் புறாக்களைக் குறைத்துக் கொடுப்பார்கள். அவர் பார்பக்யூ போடுவார். கண்காட்சியில் துப்பாக்கி வாங்கிய அன்றே ஞானசீலனுக்கும் அழைப்பு வந்துவிட்டது.

அந்த அக்டோபரிலும் அடுத்த அக்டோபரிலும் அவர் போகவில்லை. தோட்டா முடிவாகவில்லை என்பது காரணம்.

இங்கே தோட்டா விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், ஞானசீலன் சொல்லுகிற அளவுக்குச் சொல்லப்போவதில்லை.

நூறு வயதுத் துப்பாக்கி நூறு வயது மனிதரைப் போன்றது. கண்டதைக் கொடுக்க முடியாது. ஞானசீலனுடைய துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம். இன்று டெக்சாஸ் கடைகளில் மலையாக அடுக்கியிருக்கும் தோட்டாக்கள் இரண்டே முக்கால் அங்குலம். இதில் வஞ்சகம் என்னவென்றால், நீளத் தோட்டாவும் உள்ளே போய்விடும். வாயை மடித்து வைத்திருப்பதால் போகும்போது குட்டையாகத்தான் இருக்கும். வெடித்த பிறகு அந்த மடிப்பு விரிந்து, குழலின் குறுகலான இடத்தில் போய் முட்டும். உள்ளே அழுத்தம் ஏறும். இந்தக் காலத்து வெடிமருந்தின் வேகமும் அதோடு சேர்ந்தால் பழைய இரும்புக்கும், அதைவிடப் பழைய மரக்கட்டைக்கும் ஆகாது. ஆகவே குட்டைத் தோட்டா, குறைந்த அழுத்தம், உள்ளே கொஞ்சமாக ஈய ரவை. சராசரி மனிதர் இதை ஒரு மாலையில் தெரிந்துகொண்டு, இரண்டு பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்.

ஞானசீலன் எக்செல் ஷீட் திறந்தார்.

முதல் வாரத்தில் ஒன்பது பத்தி. ஆறாம் மாதத்தில் நாற்பத்தொன்று. அழுத்தம், வேகம், ரவையின் எடை, ரவையின் கடினம், உறை காகிதமா பிளாஸ்டிக்கா, அடைப்பான் கம்பளமா நாரா, நாற்பது கஜத்தில் எத்தனை ரவை ஒரு புறா அகலத்துக்குள் விழும் என்று வரிசை நீண்டது. 'புறா அகலம்' என்பதற்கே தனி ஷீட். இதற்காக அவர் வால்மீன் பார்ப்பவரைப் போல சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று புறாக்களைக் கவனித்தார். ரவையின் எண்ணில்தான் நான்கு மாதம் போயிற்று. இங்கிலாந்தில் ஏழாம் எண் என்கிற ரவை அமெரிக்காவில் ஏழரை. அந்த வீட்டுக்கு ஏழரை பிடித்தது அப்போதுதான் என்று ஜெயலீலா பிற்பாடு தேதியோடு சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது.

"லீலா, இருபத்தெட்டு கிராம் ரவையா, இருபத்தஞ்சா? நீ என்ன நெனக்க?"

"ரசம் வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க."

"இருபத்தெட்டுன்னா பேட்டர்ன் நெருக்கமா வரும். ஆனா கட்டையில உதை ஜாஸ்தி. நூறு வருஷத்து வால்நட் மரம்லா."

"எழுபது வயசுக்காரருக்கு பிளட் தின்னர் கொடுக்கதுக்குகூட நான் இவ்வளவு யோசிச்சது இல்ல."

பதினைந்து வயது மகள் பிரீத்தா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "டாட், ஜஸ்ட் பிக் ஒன்" என்பாள். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். இந்த விஷயத்தில் புரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் ஆண்டு ஜூலையில் ஜெயலீலா தீர்ப்பு வழங்கினாள். துப்பாக்கிக்காக ஞானசீலன் வாங்கிய ஆளுயர இரும்புப் பெட்டி, படுக்கையறை அலமாரி அறையில் அவளுடைய பட்டுப்புடவைகள் இருந்த இடத்தைப் பிடித்திருந்தது. புடவைகள் இரண்டு ஆண்டாக பிரீத்தாவின் கட்டிலுக்கடியில் சூட்கேஸில் அகதிகளாக இருந்தன.

"அக்டோபர் கடைசி சனிக்கிழமை. அந்தத் துப்பாக்கியால ஒரு புறா கீழ விழணும். விழுந்தா அது இங்கயே கிடக்கட்டும், நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். விழலன்னா வித்துருங்க. பெட்டி எனக்கு, சேலை வைக்க."

"ஒரே ஒரு புறாவா?"

"ஒண்ணே ஒண்ணு. பேச்சு மாறக் கூடாது."

அவர் அலுவலக மொழியில் சொன்னால், தேவை எழுத்தில் இல்லாவிட்டாலும் தெளிவாக இருந்தது. தெளிவான தேவையை ஞானசீலன் மறுத்ததே இல்லை. அன்றிரவு அவர் துப்பாக்கியை வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டு வேலையில் அவர் எல்லாவற்றிலும் குறை கண்டவர். இந்த ஒன்றில்தான் அவருக்கு ஒரு குறையும் அகப்படவில்லை.

ஆகஸ்டில் முடிவு பிறந்தது. காகித உறை, இரண்டரை அங்குலம், இருபத்தெட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக ரவை, ஏழாம் எண், ஆங்கிலக் கணக்கில். நான்கு பெட்டி, நூறு தோட்டா வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில் நூறையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். ஆறு தோட்டாக்கள் மற்றவற்றைவிட அரைக் கிராம் முன்னே பின்னே இருந்தன. 'நிராகரிக்கப்பட்டவை' என்று எழுதி, சமையலறை இழுப்பறையில், தீர்ந்த பேட்டரிகளோடு போட்டார். தேர்வு பெற்ற தொண்ணூற்று நான்கையும் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி.

டெக்சாஸ் கோடையில் கார் நிறுத்தும் கராஜ் என்பது அடுப்பு. சூட்டில் இருந்த தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் கூடும், அது நாற்பத்திரண்டாம் பத்தி. வீட்டுக்குள் வைக்க ஜெயலீலா விடவில்லை. ஆனால் ஃபிரிஸ்கோவில் எந்தத் தமிழ் வீட்டு கராஜிலும் இரண்டாவது ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கும். அதில் மாவு, மல்லித்தழை மூட்டை, பதினைந்து பவுண்டு வெங்காயச் சாம்பாருக்கான முன்னேற்பாடுகள். அதன் நடுத்தட்டில் தோட்டாப் பெட்டிகள் குடியேறின. ஈரம் படாமலிருக்க மாத்திரை டப்பாக்களில் வரும் உறிஞ்சு பொட்டலங்களை ஜெயலீலாவிடமே வாங்கி உள்ளே போட்டார். எல்லா ஆபத்தையும் அவர் யோசித்துவிட்டார். மேல்தட்டைத் தவிர.

அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் தேவாலயத்துச் சபையில் அறுவடைப் பண்டிகை. காலைச் சிற்றுண்டிக்கு இட்லி, அறுபது பேருக்கு, ஜெயலீலா பொறுப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் மாவாட்டி, பெரிய எவர்சில்வர் அண்டாவில் முக்கால்வாசி நிரப்பி, மேல்தட்டில் வைத்தாள். சனிக்கிழமை வெளியே எடுத்துப் புளிக்க வைப்பது திட்டம்.

வியாழன் இரவு ஏழு மணிக்குப் புயல். கரண்ட் போயிற்று. வெள்ளி மதியம் வரைக்கும் வரவில்லை.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர்ச்சி போய்விடும். இது டெக்சாஸில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஞானசீலன் அதன் கதவில் 'திறக்காதே' என்று தமிழிலும், பிரீத்தாவுக்காக ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினார். கணவன் மனைவி இருவரும் அந்த விதியை அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தார்கள். கராஜின் வெக்கையில் மூடிய கதவுக்குப் பின்னால் மாவு தன் கடமையைச் செய்தது.

வெள்ளி சாயங்காலம் கதவைத் திறந்தபோது அண்டாவின் மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேல்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு மாவு வெள்ளை விழுதுகளாக இறங்கி, தோட்டாப் பெட்டிகளை மூடி, அங்கிருந்து வெங்காயத்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஞானசீலன் ஒரு தோட்டாவை எடுத்துத் துடைத்தார். காகித உறை ஊறி உப்பியிருந்தது. துப்பாக்கிக்குள் பாதிகூடப் போகவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. நாற்பதாவது தோட்டாவைத் துடைக்கும்போது ஜெயலீலா வந்து பார்த்தாள்.

"ஐயோ, மாவு."

"மாவா? லீலா, தோட்டா."

"அறுபது பேருக்கு நான் எத வேக வைக்க?"

"நான் நாளைக்கு எத வச்சிச் சுட?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் துக்கம் வந்ததால் ஆறுதல் சொல்ல ஆளில்லை. ஞானசீலன் உள்ளே போய் ஹேர் டிரையரோடு வந்தார். ஜெயலீலா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெடிமருந்துக்குச் சூடு காட்டப் போறீங்களாக்கும். எக்செல்ல நாப்பத்தி ரெண்டு காலம் போட்டு ஆராய்ச்சி பண்ணின ஆளு."

வெட்கத்தோடு அவர் சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். தீர்ந்த பேட்டரிகளுக்கு நடுவே, உலர்ந்து, மிடுக்காக, ஆறு தோட்டாக்கள் கிடந்தன. அவர் கையாலேயே ஃபெயில் போட்டவை. எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்து வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டில் முதல் தடவையாக அவர் விதிவிலக்குப் படிவம் ஒன்றில் கையெழுத்திட வேண்டியிருந்தது. படிவம் இல்லாததால் மனத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பிரீத்தா காரை ஓட்டினாள். பழகுநர் உரிமத்தில் ஓட்டிப் பழக வேண்டிய மணிக்கணக்கு அவளுக்குப் பாக்கி இருந்தது. அப்பாவின் துப்பாக்கி பின் சீட்டில் பெல்ட் போட்டு வந்தது.

டுவெய்னின் கொட்டகையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிழவர்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பழைய இரட்டைக் குழல். டுவெய்ன் ஞானசீலனின் துப்பாக்கியை வாங்கிப் பார்த்து, மெல்ல விசிலடித்து, இதில் என்ன தோட்டா போடுகிறாய் என்று கேட்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ஞானசீலன் விளக்கத் தொடங்கினார். அழுத்தத்தைச் சொல்லி முடிக்கையில் டுவெய்ன் தம் துப்பாக்கியால் இரண்டு புறா சுட்டிருந்தார். ரவையின் எண் வந்தபோது ஐந்து. மாவு விஷயத்துக்கு வந்தபோது சுடுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். புளித்த அரிசி மாவு என்பதை மட்டும் அவர் கடைசிவரைக்கும் நம்பவில்லை.

பத்து மணிக்கு ஞானசீலன் முதல் தோட்டாவைப் போட்டார். ஒரு புறா நேராக, சோம்பலாக, தலைக்கு மேலே வந்தது. சுட்டார். உதை பூனை உரசுவது போல மிருதுவாக இருந்தது. புறா போய்விட்டது. ஞானசீலன் அதைக் கவனிக்கவே இல்லை. துப்பாக்கி வெடித்துச் சிதறவில்லை என்கிற ஆச்சரியத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். பூதக்கண்ணாடியால் கட்டையில் கீறல் தேடினார். குறிப்பு எழுதினார். அடுத்த தோட்டா போட இருபது நிமிடம் ஆயிற்று. இப்படி ஒவ்வொன்றுக்கும். ஐந்து தோட்டா, ஐந்து ஆய்வு, புறா பூஜ்யம்.

ஆறாவதற்கு மட்டும் ஆய்வு மனத்தை அடக்கிக்கொண்டு குறி பார்த்தார். சுட்டார். புறா காற்றில் ஒரு கணம் தயங்கியது, தலையைத் திருப்பி இவரைப் பார்த்தது போலிருந்தது, பிறகு கொட்டகைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு சாம்பல் இறகு சுற்றிச் சுற்றி இறங்கி பிரீத்தாவின் காலடியில் விழுந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் தம் பையிலிருந்து இரண்டு பெட்டிகளை நீட்டினார். ஐம்பது தோட்டா. கடைச் சரக்கு, இரண்டே முக்கால் அங்குலம். போட்டுச் சுடு, நான் இருபது வருஷமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகாது என்றார். கொட்டகை விளிம்பில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று விழுந்தால் போதும். ஞானசீலன் அந்தப் பெட்டிகளையும் மடியிலிருந்த துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து இறகை ஜெயலீலாவிடம் காட்டினார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதியிருந்தார்.

"இது புறா இல்லியே" என்றாள் அவள்.

"புறாவுல ஒரு பகுதி."

"என்னங்க."

"ஆமா. புறா இல்ல." அவர் தகராறு செய்யவில்லை. அன்றிரவே சமூக வலைக்குழுவில் விளம்பரம் எழுதினார். ஒன்பது பாரா வந்தது. ஜெயலீலா அதை மூன்று வரியாக வெட்டிவிட்டு இன்னொரு நிபந்தனையும் போட்டாள். "வாறவங்கள்ட்ட தோட்டா பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்கன்னா எவனும் வாங்க மாட்டான்."

"சரி."

அவர் மாடிக்குப் போன பிறகு பிரீத்தா ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மாம், யூ நோ வாட், அந்த ஓல்ட் மேன் ஃபிஃப்டி ஷெல்ஸ் ஃப்ரீயா கொடுத்தாரு. டாட் செட் நோ. தே வேர் டூ லாங் ஆர் சம்திங்."

ஜெயலீலா இறகு இருந்த உறையை எடுத்து, குப்பைத் தொட்டிப் பக்கம் போய், திரும்பி வந்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை விளம்பரம் பார்த்து மகாதேவன் என்பவர் வந்தார். பக்கத்து ஊரான பிராஸ்பரில் புது வீடு கட்டியிருந்தார். நெருப்பு மூட்டும் மாடத்துக்கு மேலே சுவர் காலியாக இருந்ததாம்.

"டெக்சாஸ் வந்து பதினோரு வருஷம் ஆச்சு ஆன்ட்டி, சாரி, சிஸ்டர். டெக்சாஸ் மாதிரி ஒண்ணுமே இல்ல வீட்ல. அதான் ஒரு லுக்குக்கு." துப்பாக்கியைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேரே வைத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டார். "சூப்பர். சும்மா மாட்டி வைக்கப் போறதில்ல. ஜூலை ஃபோர்த்துக்கு, நியூ இயருக்கு, ரெண்டு ரவுண்டு மேல பாத்து. என்ன சார், கடையில எதாவது ட்வெல்வ் கேஜ் தோட்டா வாங்கிப் போட்டா ஓடும்ல?"

ஞானசீலன் வாயைத் திறந்தார். மூடினார்.  "காபி போடட்டுமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், விளக்குகூடப் போடாமல் நின்றார்.

"எதாவதுன்னா?" என்று கேட்டாள் ஜெயலீலா.

"எதாவதுதான் சிஸ்டர். உள்ள போனா சரி."

"உள்ள போயிரும். அதானே பிரச்சன." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருந்துக் கடை ஜன்னலில் உட்காருகிற தோரணை. "தொண்டைக்குள்ள போற மாத்திரை எல்லாம் ஒடம்புக்கு ஆகுமா? இதோட அறை ரெண்டரை இஞ்சு. கடையில தாறது ரெண்டே முக்கா. மடிச்சிருக்கும்போது குட்டை, வெடிச்சா நீளம். வாய் விரிஞ்சி குழல்ல முட்டும். பிரஷர் ஏறும். இவரு வயசுக்கு, அதாவது இந்தத் துப்பாக்கி வயசுக்கு, அது தாங்காது. கட்டை கீறும், வால்நட்டு. ரவையும் இருபத்தெட்டு கிராமுக்கு மேல போகப்படாது. நம்பர் ஏழு. இங்கிலீஷ் ஏழு, இங்க உள்ள ஏழு இல்ல."

மகாதேவன் மெல்லத் துப்பாக்கியை மேசையில் வைத்தார். "இவ்வளவு இருக்கா சிஸ்டர்?"

"எக்செல் ஷீட்டுல நாப்பத்தி ரெண்டு காலம் இருக்கு."

"நான் வேணா சுடாம வச்சுக்கறேன்."

"அடுப்புக்கு மேலயா? சூட்டுலயா?" ஜெயலீலா எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். குழலைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தி, மடக்கி, இரண்டு அறையும் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டு இரவுச் சாப்பாட்டில் காதில் விழுந்தது. "இல்லங்க. சுட மாட்டேன்னு நீங்க எழுதித் தந்தாலும் நான் கொடுக்க மாட்டேன். இருந்து காபி குடிச்சிட்டுப் போங்க."

சமையலறையில் ஞானசீலன் பால் பொங்கியதைக் கவனிக்காமல் நின்றார்.

அவர் நன்றி சொல்ல வந்தபோது அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். பெட்டி அவளுக்குத்தான், பேச்சு மாறாது. பட்டுப்புடவைகள் அன்று மாலையே இரும்புப் பெட்டிக்குள் ஏறின. துப்பாக்கிக்கு ஓரமாக ஒரு சாண் இடம் ஒதுக்கப்பட்டது. கல்யாணப் புடவையில் எண்ணெய் படக் கூடாது என்பதற்காக துப்பாக்கிமேல் ஒரு பழைய தலையணை உறை.

டிசம்பரில் புதுத் தோட்டாக்கள் வந்தன, ஒரே ஒரு பெட்டி. ஞானசீலன் தராசை எடுக்கப் போனபோது பெட்டிமேல் ஏற்கெனவே ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. மருந்துக் குப்பியில் ஒட்டுகிற அதே சீட்டு, ஜெயலீலாவின் கையெழுத்து:

'பெயர்: ஞானசீலன். வேளைக்கு இரண்டு, அடுத்தடுத்து. இரண்டுக்கும் நடுவே ஆராய்ச்சி கூடாது. நிறுக்க வேண்டாம். மாவுக்கு அருகில் வைக்கக் கூடாது.'